ரெய்டு அட்டைக்கு ஏன் பணம் கட்டுகிறோம்?

ஆய்வகத்திற்கு செர்வர் வாங்கும்போதெல்லாம் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு வரி தானாகவே வந்து அமர்ந்துவிடுகிறது: ‘வன்பொருள் ரெய்டு கன்ட்ரோலர் கட்டாயம்’. எதற்கு என்று கேட்டால் பதிலில்லை. சென்ற முறை ஆவணத்திலிருந்து நகலெடுத்தது; அதற்கு முந்தையதும் அப்படியே. (வருமான வரித் துறையின் ரெய்டு அல்ல, ஒரு வன்வட்டு பழுதானாலும் தரவு அழியாதபடி பல வட்டுகளில் பகிர்ந்து வைக்கும் முறை.) ஆய்வுத் தரவைச் சேமிக்கும் லினக்ஸ் செர்வருக்கு அந்த வரி தேவையற்றது மட்டுமன்று, தீங்கானது என்பதே என் வாதம்.

1988இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில், ரெய்டு என்னும் சுருக்கப் பெயரின் ‘ஐ’ எழுத்து ‘மலிவான’ என்பதைக் குறித்தது. விலையுயர்ந்த பெருவட்டுக்கு மாற்றாக மலிவான சிறுவட்டுகளின் அணி. பின்னர் தொழில்துறை அதனைத் ‘தனித்தியங்கும்’ என்று மாற்றிக்கொண்டது. மலிவு மறைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அட்டை இருந்தால் பிராசசருக்குச் சுமை குறையும் என்பர். 1990களில் அது உண்மை. இன்று லினக்ஸ் கெர்னல், பாரிட்டிக் கணக்கீட்டைத் தன்னால் எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும் என்று தானே சோதித்துப் பதிவேட்டில் எழுதுகிறது. நொடிக்குப் பல கிகாபைட். சுழலும் வட்டோ பொதுவாக நொடிக்கு 300 மெகாபைட்டை எட்டுவதில்லை.

மறுதரப்பின் வலுவான வாதம் பேட்டரியுடன் கூடிய கேஷ். மின்சாரம் போனாலும், எழுதி முடியாத தரவு அதில் நிற்கும். நாள் முழுதும் சிறு சிறு பதிவுகளை எழுதும் தரவுத்தளத்திற்கு அது பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரி மூப்படையும். அன்று பல அட்டைகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும். பழுதான வட்டில் சிவப்பு விளக்கு எரிவதும் நல்ல வசதியே. நாங்கள் வட்டின் வரிசை எண்ணைக் காகிதத்தில் எழுதித் தட்டின்மேல் ஒட்டிவிடுகிறோம்.

இனி, அட்டையே பழுதானால்? எங்கள் ஆய்வகத்தில் அது நேர்ந்தது. எட்டு வட்டுகளும் நலம். அட்டை மட்டும் இறந்தது. தரவு எப்படிப் பகிரப்பட்டுள்ளது என்பதை அந்நிறுவனம் தனக்கே உரிய வடிவத்தில் எழுதி வைத்திருந்ததால், வேறு அட்டை எதுவும் அதைப் படிக்கவில்லை. அம்மாதிரியின் உற்பத்தியும் நின்றுபோயிருந்தது. பழைய பொருள் சந்தையில் ஒன்று கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் உடன் ஆய்வாளர் ஒருவரின் ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிக்கும் நாள் கடந்துவிட்டது. ஈராண்டு உழைப்பின் வெளியீடுகள் அவ்வட்டுகளில் கிடந்தன. காப்புப்படி இல்லையா என்பீர்கள். நான்கு மாதம் பழையது இருந்தது. அது எங்கள் குற்றம். ரெய்டு காப்புப்படிக்கு மாற்றாகும் என்று நம்பிய குற்றமும் எங்களுடையதே.

லினக்ஸின் எம்.டி. முறையில் அணியின் விவரம் ஒவ்வொரு வட்டிலும் எழுதப்படுகிறது. அதன் வடிவம் எவரும் படிக்கக்கூடியது. பெட்டி எரிந்தாலும், வட்டுகளைக் கழற்றித் துறையின் ஏதேனும் ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் அணி எழுந்து நிற்கும். வட்டுகளின் உடல்நிலையும் நேரடியாகத் தெரியும். ரெய்டு அட்டைகள் பல அதனைத் திரையிட்டு மறைக்கின்றன.

ஆகவே அடுத்த ஆவணத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, ‘வட்டுகளை நேரடியாகக் காட்டும் எச்.பி.ஏ. அட்டை’ என்று எழுதுங்கள். மிஞ்சும் தொகைக்கு உதிரி வட்டு வாங்கலாம். கொள்முதல் குழுவில் எவரேனும் வன்பொருளே நம்பகமானது என்றால், அதே மாதிரி அட்டை எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், எத்தனை நாளில் வந்து சேரும் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.