பன்னுக்கு வரி இல்லை, க்ரீமுக்கு உண்டு... தட்டுவடை செட்டுக்கு என்ன பெயர்?

உங்கள் ஆபீஸில் சேலத்துக்காரர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் டீ பிரேக்கில் மெதுவாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "தட்டுவடை செட்டுன்னா என்ன... நம்ம ஊர் சாண்ட்விச்சுதானே?"

அவ்வளவுதான். அன்றைய டீ ஆறிவிடும். "சாண்ட்விச்சா? அதெல்லாம் பிரெட்டுல பண்றது. இது செட்டு!" என்று ஆரம்பித்து, சட்னி எத்தனை வகை, பீட்ரூட் எப்படித் துருவணும், எந்தத் தெருவில் எந்தத் தள்ளுவண்டி என்பது வரை வகுப்பு எடுத்துவிடுவார். பக்கத்து சீட் மதுரைக்காரர், "அட விடுங்க பாஸ், எங்க ஊர் பன் பரோட்டா முன்னாடி இதெல்லாம் எம்மாத்திரம்?" என்று நடுவில் புகுந்தால், மீட்டிங்கையே தள்ளி வைக்க வேண்டியதுதான்.

சாப்பிடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும் மொறுமொறு தட்டை ஒன்று. அதன்மேல் காரச் சட்னி, புதினா, மல்லிச் சட்னி. அதற்கும் மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். அதை இன்னொரு தட்டையால் மூடினால் 'செட்'. அப்படியே மொத்தமாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடப் பார்த்தால் பாதி சட்டையில் விழும். இதையே நொறுக்கிப் போட்டுக் கலந்தால் 'நொறுக்கல்'. தட்டைக்குப் பதில் முறுக்கு வைத்தால் 'முறுக்கு செட்'. பூண்டு, மாங்காய், முட்டை என்று உள்ளே வைப்பதைப் பொறுத்துப் பெயரும் மாறும்.

இப்போது சென்னைக்கு வாருங்கள். சௌகார்பேட்டையில் முறுக்குக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். கிட்டத்தட்ட அதே ஐடியா. ஆனால் அங்கே அதன் பெயர் 'முறுக்கு சாண்ட்விச்'! சேலத்தில் செட், சென்னையில் சாண்ட்விச். யார் சொல்வது சரி?

இரண்டுமே சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றி ஊறவைப்பதா, ஓரமாகத் தொட்டுக்கொள்வதா என்ற சண்டையும் அப்படித்தான். ஜெயித்தவருக்குப் பரிசு கிடையாது, தோற்றவருக்கு நஷ்டம் கிடையாது. அடுத்த வாரம் மறுபடியும் சண்டை போடலாம்.

ஆனால் இதே கேள்வியைப் பக்கத்து சீட்காரருக்குப் பதிலாக வரி அலுவலகம் கேட்டால்?

கோவையில் ஆரம்பித்த க்ரீம் கதை

2024 செப்டம்பர் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். கோவையில் தொழில்முனைவோருடன் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நடத்திய சந்திப்பு. அன்னபூர்ணா ஹோட்டல் குழுமத்தின் சீனிவாசன் எழுந்து, கொங்குத் தமிழில் சிரிக்கச் சிரிக்க ஒரு பிரச்னையைச் சொன்னார். பன்னுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்குள் க்ரீம் வைத்துவிட்டால் 18 சதவிகிதம். அதனால் பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இனிப்புக்கு ஒரு விகிதம், காரத்துக்கு இன்னொரு விகிதம் என்பதால் பில் போடுவதே பெரும்பாடாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அரங்கம் சிரித்தது. வீடியோ வைரலானது. அடுத்து நடந்ததில் சிரிப்பு இல்லை. அவர் அமைச்சரைத் தனியாகச் சந்தித்து வருத்தம் தெரிவிக்கும் காட்சி வெளியானது. அது பெரிய அரசியல் சர்ச்சையாகி, தனிப்பட்ட சந்திப்பின் வீடியோ வெளியானதற்காக அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை மன்னிப்பு கேட்டார்.

அன்று எல்லோரும் அரசியலைப் பேசினோம். அவர் சொன்ன விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'பன்னுக்குள் ஒரு ஸ்பூன் க்ரீம் வைத்தால் அது இன்னமும் பன்தானா?' நம் ஆபீஸ் டீ பிரேக் கேள்வியேதான். ஒரே வித்தியாசம், இங்கே பதிலுக்கு விலை 18 சதவிகிதம்.

கோர்ட் படியேறிய சாண்ட்விச்

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2006-ல் ஒரு வழக்கு. ஒரு ஷாப்பிங் சென்டரில் இருந்த பனேரா பிரெட் கடை, 'இங்கே வேறு சாண்ட்விச் கடைக்கு இடம் தரக்கூடாது' என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தது. அதே இடத்தில் மெக்சிகோ பாணி புரிட்டோ விற்கும் க்டோபா கடை வரப்போகிறது என்றதும் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. புரிட்டோ என்றால் நம் சப்பாத்தி ரோல் மாதிரி. சாண்ட்விச் என்றால் இரண்டு ரொட்டித் துண்டுகள் வேண்டும், புரிட்டோவில் சுற்றப்படுவது ஒரே ஒரு ரொட்டி, எனவே அது சாண்ட்விச் ஆகாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பனேரா தோற்றது.

பதினெட்டு வருடங்கள் கழித்து, 2024 மே மாதம், இண்டியானா மாநிலத்தில் அப்படியே தலைகீழ். ஒரு வணிக வளாகத்தில் சாண்ட்விச் கடைக்கு அனுமதி உண்டு. டாக்கோ கடை வரலாமா என்பது கேள்வி. டாக்கோவும் புரிட்டோவும் மெக்சிகோ பாணி சாண்ட்விச்சுகளே என்றார் அந்த நீதிபதி. கடைக்கு வழி கிடைத்தது.

அயர்லாந்தில் 2020-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். சப்வே கடையின் சாண்ட்விச் ரொட்டி, சட்டப்படி 'ரொட்டி'யே அல்ல என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். வரிச்சலுகை பெறும் ரொட்டியில், மாவின் எடையில் 2 சதவிகிதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது. சப்வே ரொட்டியில் இருந்தது 10 சதவிகிதம்.

இந்த மூன்று வழக்குகளிலும் யாரும் ருசியைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு இடத்தில் குத்தகை, இன்னொரு இடத்தில் கடைக்கு அனுமதி, மூன்றாவது இடத்தில் வரி. பெயருக்குப் பின்னால் காசு வந்து நின்றதும், செல்லச் சண்டை வழக்காகிவிட்டது.

அது சரி, நம் தட்டுவடை செட்டை மாசசூசெட்ஸ் நீதிபதியிடம் நீட்டினால் என்ன சொல்லியிருப்பார்? இரண்டு துண்டு இருக்கிறது, பாஸ். ரொட்டி இல்லை, ஃபெயில்!

சூடு பண்ணினால் பரோட்டா, பண்ணாவிட்டால்?

நம் நாட்டு உதாரணத்துக்கு வருவோம். 2020-ல் கர்நாடகாவின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் ஒரு முடிவு சொன்னது. பாக்கெட்டில் விற்கும் ரெடிமேட் பரோட்டா, ரொட்டி வகையில் சேராது. ரொட்டி, சப்பாத்திக்கு இருந்த 5 சதவிகிதம் அதற்குப் பொருந்தாது, 18 சதவிகிதம் கட்ட வேண்டும். காரணம், வாங்கியவுடன் அப்படியே சாப்பிட முடியாதாம். கல்லில் போட்டு சூடு பண்ண வேண்டுமாம்.

ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் பரோட்டாவுக்கு இது பொருந்தாது என்றாலும், செய்தி வந்த நாளில் இணையமே கொந்தளித்தது. 'பரோட்டா மேல கை வைக்காதே' என்ற பொருளில் ஹேஷ்டேக் பறந்தது. மலையாளிகளும் தமிழர்களும் 'பரோட்டா யாருடையது' என்ற பழைய சண்டையை ஒத்திவைத்துவிட்டு ஒரே அணியில் நின்றார்கள்.

2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்தது. செப்டம்பர் 22 முதல் சப்பாத்தி, பரோட்டா உள்ளிட்ட நம் ரொட்டி வகைகளுக்கு வரியே இல்லை. கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் போன்ற பேக்கரி ஐட்டங்கள் 18-லிருந்து 5 சதவிகிதத்துக்கு இறங்கின. மிக்சர், காராபூந்தி வகையறா 12-லிருந்து 5-க்கு வந்தன.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'பரோட்டா ஒரு ரொட்டியா?' என்ற கேள்விக்கு யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. 'க்ரீம் பன் ஒரு பன்னா?' என்பதும் அப்படியே இருக்கிறது. நடந்தது ஒன்றுதான். பதில் எதுவாக இருந்தாலும் கல்லாப்பெட்டியில் பெரிய வித்தியாசம் வராதபடி இடைவெளியைச் சுருக்கிவிட்டார்கள். பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் ஒரே பூஜ்யம் என்றால், எது எது என்று ஆராய வேண்டிய அவசியமே இல்லை. வெறும் பன்னுக்கும் உள்ளே க்ரீம் வைத்த பேக்கரி ஐட்டத்துக்கும் நடுவே இருந்த பள்ளம் 18-லிருந்து 5 ஆகியிருக்கிறது. பள்ளம் முழுசாக மூடவில்லை. ஆனால் தாண்டிவிடலாம்.

தள்ளுவண்டிக்காரருக்கு இதில் என்ன?

'தட்டுவடை செட் விற்கிற அண்ணனுக்கும் ஜி.எஸ்.டி.க்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹோட்டல், டிபன் கடை போன்ற சேவைகளில் ஆண்டு வியாபாரம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பொருள் விற்பனை என்றால் 40 லட்சம். வண்டியில் செட் போட்டு விற்பவர் இதற்குள் வரமாட்டார் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2025 ஜூலையில் கர்நாடகாவில் நடந்ததைப் பாருங்கள். யு.பி.ஐ. வரவுகளை அடிப்படையாக வைத்து, சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. டீக்கடை, பேக்கரி, பெட்டிக்கடை எதுவும் தப்பவில்லை. பெங்களூரில் கடைகளில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். கோடுகள் கிழிக்கப்பட்டு, 'யு.பி.ஐ. கிடையாது, கேஷ் மட்டும்' என்ற அட்டைகள் தொங்கின. வியாபாரிகளை அழைத்து முதல்வர் சித்தராமையா பேசிய பிறகுதான் சூடு தணிந்தது.

அங்கே கிளம்பிய கேள்விகளில் ஒன்று நம் கதையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒரு பேக்கரிக்காரர் பாலும் விற்கிறார், பிரெட்டும் விற்கிறார், கேக்கும் விற்கிறார். முதல் இரண்டுக்கும் வரி இல்லை, மூன்றாவதுக்கு உண்டு. போனில் வந்து விழும் 60 ரூபாய், எதற்கு வந்தது என்று எப்படிச் சொல்வது? யு.பி.ஐ. கணக்கில் தொகை இருக்கும், தின்ற பண்டத்தின் பெயர் இருக்காது. பெரிய ஹோட்டல் என்றால் கணக்காளர் இருக்கிறார், பில்லிங் மெஷின் இருக்கிறது, கூட்டத்தில் எழுந்து கேட்க மைக்கும் கிடைக்கிறது. பெட்டிக்கடைக்காரருக்கு இது எதுவும் இல்லை. பெயர் வைக்கும் விளையாட்டில் நிஜமாகவே அடிபடுவது அவர்தான்.

எங்கே தலையிடலாம்?

அப்படியென்றால் தட்டில் இருப்பதில் அரசு தலையிடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. ஷவர்மா, சாண்ட்விச், பர்கர் எல்லாவற்றிலும் கேட்காமலே பிழியப்படும் அதே வெள்ளைச் சமாசாரம்தான். சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் உடலுக்கு ஆபத்து என்பது காரணம். தெலங்கானா அதற்கு முந்தைய ஆண்டே தடை போட்டிருந்தது.

அப்போதும் மீம்ஸ் வந்தன, 'இனி ஷவர்மாவை எதைத் தொட்டுச் சாப்பிடுறது?' என்று புலம்பினார்கள். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி, 'இது மயோனைஸா, சட்னியா?' என்பதல்ல. 'இதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகுமா?' என்பது. முட்டை இல்லாத மயோனைஸுக்குத் தடையும் இல்லை. அது அரசு கேட்க வேண்டிய கேள்விதான். தண்ணீர் சுத்தமா, எண்ணெய் எத்தனையாவது தடவை கொதிக்கிறது, சட்னி எப்போது அரைத்தது என்று தட்டுவடை வண்டியிலும் தாராளமாகக் கேட்கட்டும்.

பெயரை மட்டும் நம்மிடம் விட்டுவிடலாம். ஏனென்றால், அந்தச் சண்டைக்கு ஒரு வேலை இருக்கிறது. 'பீட்ரூட் இல்லாம செட்டா?' என்று ஒருவர் கோபப்படும் வரைதான் அந்த பீட்ரூட் அங்கே இருக்கும். மாலில் சீஸ் தூவி, மயோனைஸ் பிழிந்து 'தட்டை பைட்ஸ்' என்று மூன்று மடங்கு விலைக்கு நீட்டும்போது, "இது அது இல்லைங்க" என்று சொல்ல ஊரில் நாலு பேர் வேண்டும். சமையல் குறிப்பு எழுதி வைக்காத தெருப் பண்டங்களுக்கு இந்த வாய்ச்சண்டைதான் ஆவணம். அதே நேரம், முறுக்கு செட்டும் நொறுக்கலும் யாரோ ஒருவர் பழைய விதியை மீறியதால் பிறந்தவைதான் என்பதையும் அந்த நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக, இந்தச் சண்டை முடியவே கூடாது.

அதனால் அடுத்த முறை சேலம் போனால், சாயங்காலம் ஏதாவது ஒரு தள்ளுவண்டி முன் நில்லுங்கள். "அண்ணா, ஒரு செட்டு, காரம் கொஞ்சம் தூக்கலா" என்று சொல்லுங்கள். வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, இன்னொரு செட் வாங்கிய பிறகு, மெதுவாகக் கேளுங்கள், "இது சாண்ட்விச்சுதானேண்ணா?"

காசை மட்டும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்!