நற்சான்றிதழுக்குக் காத்திருக்கும் ஆசிரியை

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் பாலையூற்றிலுள்ள எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓர் இளம் ஆசிரியை வந்தார். அயல் வீதிப் பிள்ளை; ஆங்கிலம் கற்பிப்பவர். கையில் ஒரு பொலித்தீன் உறை. பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டின் பிரதி, மாலைதீவுப் பாடசாலையொன்றிலிருந்து வந்த நியமனக் கடிதம் யாவும் அதற்குள் இருந்தன. பொலிஸ் நற்சான்றிதழ் மட்டும் இல்லை.

"மாமா, உங்களுக்குப் பொலிசில தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம்தானே. ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவனுக்கு எங்கும் ஆட்கள் இருப்பார்கள் என்பது எம் ஊரவரின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்தவர்கள் அனைவரும் ஓய்வுபெற்றுவிட்டனர் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. கடிதங்களை வாங்கி வாசித்தேன். விண்ணப்பித்து எட்டாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. பாடசாலை ஒரு திகதியைக் குறிப்பிட்டு, அதற்குள் சான்றிதழ் கிடையாவிடின் பட்டியலில் அடுத்திருப்பவரை அழைக்க நேரிடும் என்று பணிவாகவே எழுதியிருந்தது.

இந்தச் சான்றிதழை வழங்குவது கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம். விண்ணப்பத்தை இப்போது இணையத்தளம் வழியாகவே அனுப்பலாம். இரவு ரயிலேறி விடியற்காலை கோட்டையில் இறங்கி வரிசையில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கணினி செய்வது விண்ணப்பத்தை வாங்கும் வேலையை மட்டுமே. அதன் பின்னர் விண்ணப்பதாரி வாழ்ந்த ஒவ்வொரு முகவரிக்கும் உரிய பொலிஸ் நிலையத்திலிருந்து அறிக்கை வரவேண்டும். குற்றப் பதிவுப் பிரிவும் தன் ஏடுகளைப் பார்க்க வேண்டும். பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, அங்கிருந்தே வேலைக்குச் செல்பவருக்கு ஒரு நிலையம், ஓர் அறிக்கை. காரியம் விரைவில் முடிந்துவிடும்.

எமது மாவட்டத்தில் அவ்வாறு ஒரே முகவரியில் வாழ்ந்தவர் எத்தனை பேர்? இந்தப் பிள்ளை சம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். 2006 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அந்த மக்களின் நிலம் 2007 இல் அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்த பின்னரே, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அவர்கள் தம் காணிகளுக்குத் திரும்பலாயினர். இப்பிள்ளையோ முகாமிலிருந்தே உயர்தரம் எழுதி, வந்தாறுமூலைக்குப் படிக்கச் சென்று, வவுனியாவில் முதல் நியமனம் பெற்று, இப்போது பாலையூற்றில் தன் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறார். முகவரிகளை எண்ணிப் பாருங்கள். வீதி இலக்கமே இல்லாத, இன்று கூடாரத்தின் சுவடும் இல்லாத ஒரு முகாமும் அவற்றுள் ஒன்று.

அறிக்கை தரவேண்டிய நிலையங்களுள் ஒன்று, முகாமில் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறது. எந்த நிலையம் என்று இங்கு எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்து அங்கு செல்பவருக்கே துன்பம். அக்காலத்துக் கிராம சேவகர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதிருப்பவர், தாம் கண்டிராத ஒன்றுக்கு எவ்வாறு கையொப்பமிடுவது என்று கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயமில்லை என்றும் சொல்ல முடியாது. ஓர் அரசு தானே குடியமர்த்தி, தானே நிவாரண அட்டை வழங்கி, தானே மூடிய முகாமைப் பற்றிய அத்தாட்சியை முகாமில் வளர்ந்த பிள்ளையிடம் கேட்பதுதான் வேடிக்கை.

இச்சோதனையே வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. பிள்ளைகளிடம் நெருங்கும் எவரையும் விசாரித்தே அனுமதிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2002 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சோகம் என்னும் சிற்றூரில் இரண்டு பத்து வயதுச் சிறுமிகள் கொல்லப்பட்டனர். கொலையாளியான இயன் ஹன்ட்லி ஒரு பாடசாலையின் காப்பாளன். அவன்மீது முன்னர் வேறோர் இடத்தில் பல முறைப்பாடுகள் எழுந்திருந்தன. எனினும் வேலைக்குச் சேரும்போது அவன் நிக்சன் என்ற மறுபெயரைப் பயன்படுத்தியிருந்தான், பொலிசார் அந்தப் பெயரை மட்டுமே தேடினர், ஒன்றும் அகப்படவில்லை. 2004 இல் வெளிவந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கை இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது.

அதே ஆண்டில் அங்கு நடந்த இன்னொன்றும் இங்கு பொருந்தும். குற்றப் பதிவுகளைச் சரிபார்க்கும் புதிய பணியகம் அவ்வாண்டு மார்ச்சில்தான் வேலையைத் தொடங்கியிருந்தது. கொலைகளின் அதிர்ச்சியில், புதிய ஆசிரியர் எவரும் சோதனை முடியாமல் வகுப்புக்குள் நுழையக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. செப்டெம்பரில் சில பாடசாலைகளைத் திறக்க முடியாது போகவே, சில வாரங்களுக்குள் உத்தரவு தளர்த்தப்பட்டது. சோதனை தாமதிக்கும்போது அதைத் தளர்த்துமாறு நெருக்குதல் வரும். தளர்த்தினால் யாருக்காக அது ஏற்பட்டதோ அந்தப் பிள்ளைகளுக்கே ஆபத்து. ஆகவே சான்றிதழைக் காலத்தில் கொடுப்பதை ஆசிரியருக்குச் செய்யும் சலுகையாக நான் கருதவில்லை. சிறுவர் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

பெயர் விடயத்தில் நாமும் கவலைப்பட வேண்டியவர்களே. தமிழில் ஒரு பெயர். அதைப் பிறப்புப் பதிவாளர் ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதுவார். அடையாள அட்டையில் வேறுவிதம். பொலிஸ் ஏட்டில் சிங்களத்தில் ஏறும்போது இன்னொரு விதம். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் பல நிலையங்களில் எழுதும் கை இன்னும் ஒரு மொழியையே அறிந்திருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் குற்றமற்றவர் தடைப்படவும் கூடும், குற்றவாளி தப்பிச் செல்லவும் கூடும்.

இந்தியாவிலும் காத்திருத்தல் உண்டு; அங்கு இச்சான்றிதழ் கடவுச்சீட்டு அலுவலகங்களின் வழியாகக் கிடைக்கிறது. வளைகுடா செல்வோரின் நெரிசல் மிகுந்தபோது, 2022 செப்டெம்பர் 28 முதல் அஞ்சலகக் கடவுச்சீட்டு நிலையங்களிலும் விண்ணப்பிக்கலாம் என்று வெளியுறவு அமைச்சு அறிவித்தது. கதவுகளைப் பெருக்கினார்கள். இங்கும் அதே 2022 இல், நாடு வங்குரோத்தான வேளையில், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்று சுற்றறிக்கை வந்தது. போங்கள், டொலர் அனுப்புங்கள் என்றார்கள். போவதற்கு வேண்டிய கடதாசி எந்த மேசையில் உறங்குகிறது என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எம்மூர் ஆசிரியர்கள் நைஜீரியாவுக்குச் சென்றதைக் கண்டவன் நான். திரும்பி வந்தவரை 'நைஜீரியா மாஸ்டர்' என்றே அழைப்போம். அவர்கள் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. அந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகளே இன்று மாலைதீவுக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விசாரணைக்காகச் சீருடையணிந்தவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி விசாரித்தால், எங்கள் வீதியில் கதவுகள் சாத்தப்படும். அயலவர் "எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். பகை காரணமல்ல, பழைய பயம். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, வழக்கே இல்லாமல் விடுவிக்கப்பட்டவர் பலர் எம்மிடையே வாழ்கின்றனர். அத்தகையவரின் தங்கையோ மகளோ விண்ணப்பிக்கும்போது, அந்தப் பழைய பதிவு தன் சான்றிதழின் மேல் நிழலாக விழுமோ என்று அஞ்சுகிறார். தாமதத்துக்குக் காரணம் சாதாரண சோம்பலாகவே இருக்கலாம். காரணத்தைச் சொல்லாதபோது அவர் மனம் எதை நினைக்கும்?

என்ன செய்யலாம்? விண்ணப்பம் எந்த நிலையத்தில், எத்தனை நாட்களாக நிற்கிறது என்பதை விண்ணப்பதாரிக்குக் காட்ட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நிலையங்களுக்கு நாட்கெடு விதித்து, கெடு தவறினால் மேலதிகாரிக்குத் தானாகவே அறிவித்தல் செல்ல வேண்டும். மூடப்பட்ட முகாம்களைப் பொறுத்தவரை, பிரதேச செயலகங்களில் இருக்கும் இடம்பெயர்ந்தோர் பதிவேடுகளையே அத்தாட்சியாக ஏற்கலாம். பாதிக்கப்பட்டோர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்திப் பார்க்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஒரு சான்றிதழைப் பெற இன்னொரு விண்ணப்பமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

மாலைதீவின் பிள்ளைகளுக்காக எம் ஆசிரியையை இத்தனை பேர் விசாரிக்கிறோம். எம் ஒழுங்கைகளில் மாலைதோறும் நிரம்பி வழியும் தனியார் ரியூட்டரிகளில் கற்பிப்பவரிடம் எந்தப் பெற்றாராவது ஒரு கடதாசி கேட்டு நான் கண்டதில்லை. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை அமைத்த நாடு இது. அதுபற்றிப் பிறிதொரு நாள் எழுத வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு தகவலறியும் விண்ணப்பத்தையும், பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதத்தையும் எழுதிக் கொடுத்தேன். என்னால் இயன்றது அவ்வளவே. செயலகத்தில் ஒரு முதிய எழுதுவினைஞர் அலுமாரியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்து, குடும்பத்தின் பெயரைக் கண்டுபிடித்து, பிரதியில் முத்திரையிட்டுக் கொடுத்தாராம். நேற்றிரவு அதை எடுத்துக்கொண்டு பிள்ளை கொழும்பு ரயிலேறினார். சித்தப்பாவும் துணைக்குப் போயிருக்கிறார். பாடசாலை கொடுத்த தவணைக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.