தட்கல் நேரத்தில் 'லிங்க் இல்ல சார்': சர்வரை மாற்றினால் சரியாகிவிடுமா?

காலை 11 மணி. ஏசி இல்லாத பெட்டிகளுக்கு தட்கல் திறக்கும் நேரம். சிதம்பரம் ஸ்டேஷன் கவுன்ட்டரில் முதல் ஆளாக நிற்கிறீர்கள். "லிங்க் இல்ல சார்" என்கிறார் ஊழியர். அது திரும்பி வருவதற்குள் மொபைலில் போடுபவர்கள் டிக்கெட்டை முடித்திருப்பார்கள்.

என்ன மாறப் போகிறது?

2010-ல் நிறுவப்பட்ட முன்பதிவு சிஸ்டம், ஐட்டானியம் சர்வர்களில் ஓபன்விஎம்எஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இயங்குவது. அதைப் புதுப்பித்து, நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறனை 1.5 லட்சத்துக்கு மேல் உயர்த்துவதாக 2025 ஜூனில் ரயில்வே அறிவித்தது.

டிக்கெட் எந்த வழியில் போகிறது?

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய 5 மையங்களும் 1999-ல் ஒரே வலையமைப்பாக இணைந்தன. நீங்கள் கேட்கும் வண்டி வேறு மையத்தின் பொறுப்பில் இருந்தால், கோரிக்கை சென்னை வழியாக அங்கே போய், பதில் திரும்பி வரவேண்டும்.

எங்கே சிக்கும்?

கேபிள் அறுந்தால் உடனே தெரிந்துவிடும். பாதை தவறினால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். கடலூரையே பாருங்கள். நண்பரை திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு, அவர் திரும்பும்போது கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் போய் நின்றால்? வண்டியும் சரி, தண்டவாளமும் சரி. ஆனால் சந்திப்பு நடக்காது. நெட்வொர்க்கிலும் இப்படித்தான்: கோரிக்கை போய்ச் சேரும், பதில் வழி தெரியாமல் தொலையும்.

மெயின்ஃப்ரேமில் இன்னும் சிக்கல், ஏன்?

பெரிய வங்கிகளின் ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் இசட்/ஓஎஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக ஓடலாம். இடையிலுள்ள நெட்வொர்க் வெறும் மென்பொருள். பிடுங்கிச் செருகிப் பார்க்க வயரே கிடையாது. அதனால் எஞ்சினியர்கள் இரு முனைகளின் முகவரி, சப்நெட், ரூட் டேபிள் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். 'பிங்' போய் பதில் வராவிட்டால், எதிர்முனைக்குத் திரும்பும் வழி தெரிகிறதா என்பதே முதல் கேள்வி.

நமக்கு என்ன?

பழைய சிஸ்டமும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓடினால், இந்த மாதிரி வழித்தவறுக்கு வாய்ப்பு அதிகம். 1.5 லட்சம் என்பது மையத்தின் வேகம் மட்டுமே. சிதம்பரம் கவுன்ட்டருக்குத் தேவை, ஒரு பாதை போனாலும் பதிலைக் கொண்டுவரும் இன்னொரு பாதை. அறிவிப்புகளில் நாம் தேடிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.