அக்கறை இல்லாதது யாருக்கு?

இளைஞர்களுக்கு அரசியல் அக்கறையே இல்லை, கைபேசியே கதி என்ற வாதத்தை ஏற்க முடியாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினா மணலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்கள் யார்? 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்கள், இரண்டே ஆண்டில் ஆட்சி மாற வழி திறக்கவில்லையா?

உள்ளாட்சித் தேர்தலில் 21 வயதிலேயே நிற்கலாம். எந்த வகுப்பறையில் அதைச் சொன்னோம்? மாணவர் தேர்தலுக்கு லிங்டோ குழு 2006-இலேயே விதிமுறை வகுத்தது. என் மகளின் கல்லூரியிலோ, 'அரசியலில் ஈடுபட மாட்டேன்' என்று எழுதி வாங்கினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன், இன்றும் உறுத்துகிறது.

அக்டோபர் 2 கிராமசபைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். ஊராட்சியின் வரவுசெலவை அவர்களே கேட்கட்டும். "சின்னப் பயலுக்கு இங்கே என்ன வேலை?" என்று எந்தப் பெரியவராவது அதட்டினால், எழுந்து நின்று அவரை உட்காரச் சொல்லுங்கள்.