பணம் வந்தாச்சு சரி, ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?



2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்கள் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுத்த மழை வர்றதுக்குள்ள ஒரு கேள்விக்கு விடை தெரிஞ்சுக்குவோம். இன்சூரன்ஸ் பணம் வாங்கின பிறகு அந்தப் பாழான வண்டி யாருக்குச் சொந்தம்?

பாலிசியில் உங்க வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு ஐ.டி.வி. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்பார்கள். ஐ.டி.வி. 5 லட்சம், ரிப்பேர் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு இரண்டு வழி.

👉 வண்டியை ஒப்படைத்துவிட்டு முழுத்தொகை வாங்கலாம். கட்டாயப் பிடித்தம் 1,000 போக 4,99,000 ரூபாய். பாழான வண்டி மீதான உரிமை கம்பெனிக்குப் போகும்.

👉 வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதன் சால்வேஜ் மதிப்பு 1,20,000 என்றால் அதையும் கழித்து 3,79,000 ரூபாய்.

கார் லோன் இருந்தால் பணம் முதலில் பேங்குக்குத்தான்.

இதுவரைக்கும் நியாயம்தான். சிக்கல் இதுக்கு அப்புறம்தான் வருது. ஏலம் எடுத்தவர் வண்டியைத் தூக்கிட்டுப் போவார். நம்மகிட்ட படிவம் 29, 30-ல் வெறும் கையெழுத்து வாங்கிக்குவாங்க. பெயர் மாத்தினாங்களான்னு யாரும் பார்க்கிறதில்லை. ஆர்.டி.ஓ. பதிவில் ஓனர் இன்னும் நீங்கதான்!

அந்த வண்டி சரிசெய்யப்பட்டு ரோட்டுக்கு வந்து யாரையாவது மோதினால்? பதிவில் பெயர் உள்ளவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. டோட்டல் லாஸ் கொடுத்ததும் பழைய பாலிசி முடிந்துவிடும். அப்போ யார் பாக்கெட்டிலிருந்து போகும்? திருட்டுக் காருக்கு இப்படிப்பட்ட வண்டியின் சேஸிஸ் நம்பரைப் போட்டு ஓட்டும் கும்பல்களும் இருக்கு.

அதனால் தோழர்களே:

✅ வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போடாதீங்க. வாங்குபவர் பெயர், தேதி எழுதிய பிறகே போடுங்க. நகல் எடுத்து வைங்க.
✅ வண்டி மறுபடி ஓடும் நிலை என்றால் பெயர் மாற்றம். ஓடவே ஓடாது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-ன்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து பதிவை ரத்து செய்யுங்க.
✅ சால்வேஜ் மதிப்பை எப்படிப் போட்டாங்கன்னு எழுத்தில் கேளுங்க. கம்பெனி ஒரு மாதத்தில் சரியான பதில் தராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போங்க. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

சாமானியன் மட்டும் உஷாரா இருந்தா போதுமா? போதாது. ஏலத்தில் காசு பார்ப்பது கம்பெனி, மலிவா வண்டி வாங்குவது வியாபாரி, கோர்ட் படி ஏறுவது மட்டும் பழைய ஓனரா?

நம் கோரிக்கை எளிமையானது. கிளெய்ம் முடியும் அன்றே 'வாகன்' தளத்தில் அந்த வண்டியை டோட்டல் லாஸ் என்று கம்பெனியே பதிய வேண்டும். பெயர் மாற்றமோ ரத்தோ முடியாமல் வண்டி வியாபாரி கைக்குப் போகக் கூடாது. ஒன்றிய அரசும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

போன மழையில் வண்டியைக் கொடுத்தவங்க இன்னைக்கே பரிவாகன் தளத்தில் அந்த நம்பரைத் தட்டிப் பாருங்க. உங்க வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்க.

#பெயர்மாற்றம்முதலில்