சோதித்தறிதல் விசுவாசக் குறைவாகுமா?



விஞ்ஞானச் செய்திகள் இன்று நம் இல்லங்களுக்குள் அழையாமலே நுழைகின்றன. காலைத் தேநீர் அருந்தி முடிப்பதற்குள், புற்றுநோயை ஒரே வாரத்தில் போக்கும் மருந்து, மின்சாரத்தை இழப்பின்றிக் கடத்தும் அதிசயப் பொருள், மனிதரைப் போலச் சிந்திக்கும் கணினி என்று பல அற்புதங்கள் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்துவிடுகின்றன. வாசிக்கிறோம், வியக்கிறோம், அடுத்த கணமே உறவினர் பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். அச்செய்தி உண்மைதானா என்று கேட்க நமக்கு நேரமிருப்பதில்லை. கேட்பவரையோ, எதையும் சந்தேகிப்பவர், விசுவாசமற்றவர் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

சோதித்தறிய விரும்புவது விசுவாசக் குறைவா? மருத்துவம், பௌதிகம், கணினியியல் ஆகிய மூன்று துறைகளிலும் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மூன்று ஆய்வுகளை முன்வைத்து இக்கேள்வியை இவ்வாரம் சிந்திப்போம்.

எட்டுப் பேரும் நூற்று அறுபத்திரண்டு பேரும்

ஹங்கேரி நாட்டில் ஓர் இறைச்சி வியாபாரியின் மகளாகப் பிறந்தவர் கட்டலின் கரிக்கோ. 1985ஆம் ஆண்டு கணவருடனும் சிறு மகளுடனும் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், தூது ஆர்.என்.ஏ. எனப்படும் மூலக்கூற்றைக் கொண்டு நோய்களைத் தீர்க்கலாம் என்று நம்பினார். எந்தப் புரதத்தை உருவாக்க வேண்டும் என்ற கட்டளையை நம் உடற்கலங்களுக்குள் சுமந்து செல்வதே அம்மூலக்கூற்றின் பணி. ஆனால் ஆய்வுகூடத்தில் செய்த தூது ஆர்.என்.ஏ.யை உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்த்தது. ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பதவியிறக்கம் செய்யப்பட்டார். எனினும் ஆய்வைக் கைவிடவில்லை. அம்மூலக்கூற்றின் கூறுகளில் ஒன்றைச் சிறிது மாற்றியமைத்தால் அந்த எதிர்ப்பு அடங்குகிறது என்பதை அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005ஆம் ஆண்டு வெளியிட்டனர். 18 ஆண்டுகளின் பின், 2023ஆம் ஆண்டு, இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கரிக்கோவின் பொறுமையைப் பலரும் போற்றுவர். அதனோடு நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. கொவிட் நோய் உலகை வருத்திய 2020ஆம் ஆண்டில், இவ்வாய்வின் பயனாகப் பைசர், பயோன்டெக் நிறுவனங்கள் ஒரு தடுப்பூசியை உருவாக்கின. மரணம் வாசலில் நின்ற அவ்வேளையிலும் அதைச் சோதிக்காமல் மக்களுக்கு வழங்கவில்லை. சுமார் 44,000 பேர் தாமாக முன்வந்து சோதனைக்கு உட்பட்டனர். அவர்களுள் பாதிப்பேருக்குத் தடுப்பூசியும் பாதிப்பேருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றப்பட்டன. யாருக்கு எது கிடைத்தது என்பது சோதனைக்கு உட்பட்டவருக்கும் தெரியாது, அவர்களை ஆராய்ந்த வைத்தியருக்கும் தெரியாது. அறிந்தால், ஆசை நம் கண்களை மறைத்துவிடும் என்பதனாலேயே இந்த ஏற்பாடு. இறுதியில் நோயுற்ற 170 பேரையும் பிரித்துப் பார்த்தபோது, உப்புநீர் பெற்றவர்கள் 162 பேராகவும் தடுப்பூசி பெற்றவர்கள் 8 பேராகவும் இருந்தனர்.

சோதனை அத்தோடு ஓயவும் இல்லை. கோடிக்கணக்கானோருக்கு ஊசி ஏற்றப்பட்டபின், அரிதாகச் சிலருக்கு, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, இதயத் தசையில் அழற்சி ஏற்படுவது கண்டறியப்பட்டது. அதுவும் மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது. நன்மையைச் சொன்ன அதே வாயால் தீமையையும் சொல்லும் நேர்மை இருப்பதால்தான் அந்த மருத்துவத்தை நாம் நம்ப முடிகிறது.

எண்மர் எழுதிய கடிதம்

இரண்டாவது ஆய்வு நம் நாட்டோடு தொடர்புடையது. சில பொருட்கள் மிகக் கடுங்குளிரில் மின்சாரத்தைச் சிறிதும் இழப்பின்றிக் கடத்தும். இவற்றை மீக்கடத்திகள் என்பர். 1911ஆம் ஆண்டு நெதர்லாந்தில் கமர்லிங் ஒன்ஸ் என்ற விஞ்ஞானி, பாதரசத்தைப் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தபோது இதைக் கண்டார். வைத்தியசாலைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்தின் காந்தம் இம்முறையிலேயே இயங்குகிறது. அதைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டும். அறையின் சாதாரண வெப்பநிலையிலேயே இயங்கும் மீக்கடத்தி ஒன்று கிடைத்தால், இக்குளிர்விக்கும் செலவு நீங்கும். மின்சாரம் வழியில் வீணாகாமல் வெகுதூரம் செல்லும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கற்று, அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இலங்கையரான ரங்க டயஸ், அத்தகைய பொருளைக் கண்டுவிட்டதாக 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'நேச்சர்' சஞ்சிகையில் தம் குழுவினருடன் அறிவித்தார். மிக உயர்ந்த அழுத்தத்தில், 15 பாகை வெப்பநிலையில் அது மீக்கடத்தியாகிறது என்பதே அறிவிப்பு. ஆனால் தரவுகளைக் கையாண்ட முறை குறித்து ஏனைய ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் அச்சஞ்சிகை கட்டுரையை மீளப் பெற்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் வேறொரு பொருளைப் பற்றிய இரண்டாவது கட்டுரை அதே சஞ்சிகையில் வெளிவந்தது. அதுவும் அவ்வாண்டு நவம்பரில் மீளப் பெறப்பட்டது. பல்கலைக்கழகம் நடத்திய விசாரணை, ஆய்வு நெறி மீறப்பட்டதாக 2024ஆம் ஆண்டு முடிவு செய்தது. தம்மீதான குற்றச்சாட்டுகளை டயஸ் மறுத்து வந்துள்ளார்.

ஒரு மனிதரின் வீழ்ச்சியைப் பேசி மகிழ்வது கிறிஸ்தவப் பண்பன்று. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அக்கட்டுரையில் பெயர் பொறித்திருந்த ஏனையோரைப் பற்றியே. 2023ஆம் ஆண்டின் கட்டுரையை எழுதியோர் 11 பேர். அவர்களுள் எட்டுப்பேர், கட்டுரையை மீளப் பெறுமாறு சஞ்சிகைக்குத் தாமே எழுதினர். அவர்களுள் டயஸின் ஆய்வுகூடத்தில் கற்ற மாணவர்களும் இருந்தனர். தம் ஆசானுக்கு எதிராகவும் தம் எதிர்காலத்துக்கு எதிராகவும் அவர்கள் கையொப்பமிட வேண்டியிருந்தது. புகழ்பெற்ற சஞ்சிகை ஒன்றில் தம் பெயர் வருவதைவிட உண்மை பெரிதென அவர்கள் எண்ணினர். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தக்க துணிவு இதுவே அன்றோ!

தன் ஐயத்தையும் சொல்லும் கணினி

மூன்றாவது, கணினியியலில் நிகழ்ந்தது. நம் உடலிலுள்ள புரதம் ஒவ்வொன்றும் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அம்மாலை எவ்வாறு மடிந்து எவ்வடிவம் பெறுகிறது என்பதைப் பொறுத்தே அதன் தொழில் அமைகிறது. ஒரேயொரு புரதத்தின் வடிவைக் கண்டறியவே ஆண்டுக்கணக்கில் உழைத்தோர் உண்டு. டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோரின் குழுவினர் உருவாக்கிய 'அல்பாஃபோல்ட்' என்ற செயற்கை நுண்ணறிவு இவ்வடிவங்களைக் கணித்துச் சொன்னது. 2022ஆம் ஆண்டில் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் கணிப்புகள் உலகுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி இவ்விருவருக்கும், மறு பாதி புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் வழங்கப்பட்டது.

இக்கணினியை உலகம் நம்பியது விளம்பரத்தினால் அன்று. 1994ஆம் ஆண்டு முதல் ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு போட்டி நடைபெறுகிறது. பரிசோதனையால் வடிவம் கண்டறியப்பட்டும் இன்னும் வெளியிடப்படாத புரதங்களைக் கொடுத்து, வடிவத்தைக் கணிக்குமாறு அதில் கேட்பர். விடையைப் பார்த்து எழுத எவராலும் முடியாது. 2020ஆம் ஆண்டு அப்போட்டியில் அல்பாஃபோல்ட் ஏனைய அனைவரையும் வெகுவாக முந்தியது. இன்னொரு சிறப்பும் உண்டு. தான் கணித்த வடிவத்தின் எப்பகுதியில் எவ்வளவு உறுதி, எப்பகுதியில் ஐயம் என்பதை அது எண்ணால் குறித்துக் காட்டுகிறது.

நம் பிள்ளைகள் இன்று கேள்வி கேட்கும் உரையாடற் செயலிகளோ, அறிந்ததையும் அறியாததையும் பெரும்பாலும் ஒரே உறுதியான குரலில் சொல்லிவிடுகின்றன. 2023ஆம் ஆண்டு நியூயோர்க்கில், அத்தகைய செயலி கற்பனையாகத் தந்த வழக்குகளை உண்மையென நம்பி நீதிமன்றத்தில் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. சொல்லின் அழகு உண்மைக்குச் சான்றாகாது. செயற்கை நுண்ணறிவுக்கும் மனித அறிவுக்கும் உள்ள உறவைப் பற்றி வத்திக்கான் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தனி ஆவணமொன்றை வெளியிட்டதும், பாப்பரசர் 14ஆம் லியோ தம் பெயரைத் தெரிந்தமைக்கு இப்புதிய மாற்றத்தையும் ஒரு காரணமாகச் சொன்னதும் நாம் அறிந்தவையே.

தோமையாரும் லூர்து நகரும்

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். உயிர்த்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டாலன்றி விசுவசியேன் என்று நின்றவர் புனித தோமையார். ஆண்டவர் அவரைத் துரத்தவில்லை. அருகில் அழைத்துத் தம் காயங்களைக் காட்டினார். காணாமலே விசுவசிப்போரின் பேற்றை ஆண்டவர் அவ்வேளையில் எடுத்துரைத்தார் என்பதைச் சிலர் நினைவூட்டலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பேறு இறைவன்மீது கொள்ளும் விசுவாசத்துக்கு உரியது. பெயர் தெரியாத ஒருவர் அனுப்பும் வட்ஸ்அப் செய்திமீது நாம் கொள்ளும் நம்பிக்கைக்கு உரியதன்று.

திருச்சபை இவ்வேறுபாட்டை நன்கு அறியும். 1858ஆம் ஆண்டு அன்னை மரியாள் காட்சியளித்த லூர்து நகரில், குணம் பெற்றதாக 7,000க்கும் மேற்பட்டோர் அறிவித்துள்ளனர். அங்கே 1883ஆம் ஆண்டு முதல் வைத்தியர்களின் பணியகம் ஒன்று இயங்கி வருகிறது. எச்சமயத்தைச் சேர்ந்த வைத்தியரும் அங்கே கோவைகளை ஆராயலாம். நோய் உண்மையில் இருந்ததா, குணம் நிலைத்ததா, பெற்ற சிகிச்சையால் விளக்க முடியுமா என்று ஆண்டுக்கணக்கில் கேட்கின்றனர். 2025ஆம் ஆண்டு வரை அற்புதமெனத் திருச்சபை ஏற்றுக்கொண்டவை 72 மட்டுமே. அன்னையின் திருத்தலத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் குணத்தையே திருச்சபை இவ்வளவு கவனமாகச் சோதிக்கிறதெனில், முகமறியாதவர் அனுப்பிய மூலிகைக் குறிப்பை நாம் சோதிக்காமல் ஏற்பது எவ்வகையில் பக்தியாகும்?

நம் இல்லங்களில்

இது வெறும் அறிவு சார்ந்த விவாதமன்று. தெல்லிப்பளையிலும் மகரகமவிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் காத்திருப்போரை எண்ணிப் பாருங்கள். மருந்து உடலை வாட்டும். முடி உதிரும். போக்குவரத்துச் செலவு குடும்பத்தை அழுத்தும். அவ்வேளையில் அன்புள்ள ஓர் உறவினர், வைத்தியம் வேண்டாம், இந்தச் சாறே போதும் என்ற செய்தியை அனுப்புகிறார். அனுப்பியவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார். ஆனால் நோயாளி அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தினால், இழந்த மாதங்களை எவரால் திருப்பித் தர முடியும்? மடு அன்னையிடம் நேர்ந்துகொள்வதும் வைத்தியர் தந்த மருந்தை நேரம் தவறாது உட்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. இரண்டும் உயிரை இறைவனின் கொடையாக மதிப்பவரின் செயல்களே.

ஆதலால், அடுத்த அற்புதச் செய்தி வரும்போது குடும்பமாக மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இதைச் சொன்னவர் யார்? வேறு எவரேனும் இதைச் செய்து பார்த்து உறுதிப்படுத்தினரா? தீமையையும் ஐயத்தையும் இச்செய்தி சொல்கிறதா, நன்மையை மட்டும் சொல்கிறதா? விடை கிடைக்கும்வரை அதைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம். அனுப்பிய செய்தி பொய்யென அறிய நேர்ந்தால், அது சென்ற அத்தனை பேருக்கும் திருத்தத்தையும் அனுப்புவோம். எண்மர் தம் கட்டுரைக்குச் செய்ததை, நாம் ஒரு குறுஞ்செய்திக்குச் செய்வது கடினமன்று.

பிள்ளை ஒன்று 'எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கிறேன்' என்று சொன்னால் அதைப் பாராட்டுவோம். 'பொய்ச்சாட்சி சொல்லாதிருத்தல்' என்னும் கட்டளையை அப்பிள்ளை அவ்வேளையில் அனுசரிக்கிறது. உண்மையாம் இறைவன் நம் சோதனைக்கு அஞ்சுபவரல்லர். தம் காயங்களைத் தொட்டுப் பார்க்க அழைத்த ஆண்டவர், உண்மையைத் தேடும் ஒவ்வொருவரோடும் பொறுமையாக நடப்பாராக.