அட்டைப்பெட்டியில் வரும் அடுப்படி: சேமிப்பு யாருக்கு, பொறுப்பு யாருக்கு?

சமையலறை அலமாரி உலக வர்த்தகச் செய்தியாகிவிட்டது. இறக்குமதியாகும் சமையலறை அலமாரிகளுக்கு அமெரிக்கா 2025 அக்டோபர் 14 முதல் 25 விழுக்காடு வரி விதித்தது. 2026 தொடக்கத்தில் அதை 50 விழுக்காடாக உயர்த்தும் முடிவு ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. மலேசியத் தளவாட ஏற்றுமதியாளர்களுக்கு இது பெரிய கவலை. மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரக் குடும்பங்களின் கவலையோ வேறு: வெறும் அடுப்படியை நம் கையால் நிரப்ப முடியுமா?

இந்த அலமாரிக்கும் தோட்டப்புறத்துக்கும் பழைய உறவு உண்டு. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் போனது. 1980களில் அது தளவாட மரமாக மதிப்புப் பெற்றது. மிஞ்சிய கிளைகளும் சிம்புகளும் அரைக்கப்பட்டு, பசையுடன் அழுத்தப்பட்டுப் பலகைகளாகின்றன. தாத்தா பாட்டி பால் வெட்டிய மரமே, துண்டு துண்டாகப் பேரப்பிள்ளைகளின் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

மலிவு விலை வீடுகள் பெரும்பாலும் அலமாரி இல்லாமலேயே ஒப்படைக்கப்படுகின்றன. குத்தகையாளரை அழைத்தால் முதலில் முன்பணம் கேட்பார். முன்பணத்தோடு ஆள் மறைந்துபோகும் கதை ஊருக்கு ஊர் உண்டு. 2019 மார்ச்சில் பத்து கவானில் ஐகியா திறக்கப்பட்ட பிறகு, நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரி வட மாநிலத்தவருக்குக் கைக்கெட்டும் பொருளானது. இணையக் கடைகளில் இன்னும் மலிவாகவே கிடைக்கிறது.

ஆனால் விலை குறைவதற்குக் காரணம் உண்டு. பூட்டும் வேலையும் அதில் நேரும் தவறும் தொழிற்சாலையிடமிருந்து வாங்குபவர் கைக்கு மாறுகின்றன. கூலி மிச்சமாவது உண்மை, வேலை மிச்சமாவதில்லை.

முதல் சோதனை சுவர். தட்டும் குண்டானும் ஏறிய மேல் அலமாரியின் முழுப் பாரத்தையும் சில திருகாணிகளே தாங்குகின்றன. செங்கல் சுவர் என்றால் தகுந்த பிளக் அடித்துத் தொங்கவிடலாம். பழைய லயத்து வீட்டின் பலகைச் சுவரில் உள்ளே இருக்கும் கட்டையைக் கண்டுபிடித்துத்தான் திருகவேண்டும். கட்டை இல்லாத இடத்தில் தொங்கவிடாமல் இருப்பதே நல்லது. அளவையும் ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் கொள்ளவேண்டும். தரையின் மேடான இடத்திலிருந்து ரசமட்டம் பிடித்துக் கோடு போடாவிட்டால் கதவுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

இரண்டாவது சோதனை தண்ணீர். அழுத்துப் பலகை ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் நம் வீடுகளில் அலமாரி பிளாஸ்டிக் கால்களில் நிற்கவேண்டும். சிங்க்குக்காக வெட்டிய விளிம்பில் சிலிக்கோன் பூசாமல் விடக்கூடாது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளைப் புரட்டிப்போட்டதை யாரும் மறக்கவில்லை. ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் கீழ் அலமாரிக்கு மட்டுமாவது அலுமினியத்தை நாடுவது புத்திசாலித்தனம்.

மின்சாரத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம். புதிய பிளக் பாயிண்ட் வேண்டுமானால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரையே அழைக்கவேண்டும். எரிவாயு தோம்பின் குழாய் அலமாரிக்குள் மடங்கி நசுங்கக்கூடாது.

பலகை உடைந்து வந்தால், திருகாணி குறைந்தால் என்ன செய்வது? பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும். இணையக் கொள்முதலும் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும். முன்பணம் வாங்கி வேலையை முடிக்காத குத்தகையாளர் மீதும் இதே வழி திறந்திருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை நிரூபிப்பது கடினம். எதையும் எழுத்தில் வாங்குவதே பலம்.

தவறாகப் பூட்டியதால் பலகை உடைந்தால் கடையைக் குறைசொல்வது எளிதல்ல. ஆகவே முதல் வேலையைச் சிறிய அலமாரி ஒன்றிலிருந்து தொடங்கி, இருவராகச் சேர்ந்து செய்வதே பாதுகாப்பு.

இதில் இன்னொரு வாய்ப்பும் ஒளிந்திருக்கிறது. அலமாரி பூட்டத் தெரிந்த கை எல்லா ஊருக்கும் தேவைப்படுகிறது. துளையிடும் கருவியும் ரசமட்டமும் வைத்திருக்கும் தோட்டத்து இளைஞர் நான்கு வீடுகளில் நேர்மையாக வேலை செய்தால் ஐந்தாவது வீடு தானாக அழைக்கும். ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் வார இறுதியில் ஒருநாள் பயிற்சி நடத்தினாலே போதும். முன்பணத்தைப் பறிகொடுக்கும் குடும்பங்கள் குறையும், உள்ளூரில் ஒரு தொழிலும் வளரும்.